அன்றொமீடாவின் விண்மீன் கொத்துக்களும் அண்டத்தின் அளவுகோலும்

விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் வரலாறாக எழுதும் வழக்கம் இன்னும் செல்வாக்கிழந்துவிடவில்லை. கலிலியோவுக்குப் பின் நியூற்றன், நியூற்றனுக்குப் பின் ஐன்ஸ்ரைன், அவருக்கருகே ஹபிள் என்றவாறு தனிமனிதர் சிலர் ஒருவர்பின் ஒருவராக அணிவகுக்கின்றனர். அவர்கள் எந்தக் கருவிகளைக் கொண்டு, யாருடைய உழைப்பின்மீது நின்று, எத்தகைய சமூக நிலைமைகளிடையே தமது முடிபுகளை அடைந்தனர் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அதனினும் முக்கியமான மற்றொரு வினாவும் உண்டு. கண்முன்னே கிடந்த சான்றொன்று நெடுங்காலம் சான்றாகக் கொள்ளப்படாமற் போவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண உதவும் ஒரு நிகழ்வை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். அன்றொமீடா மண்டலத்தைச் சூழ்ந்துள்ள விண்மீன் கொத்துக்கள் 1932ஆம் ஆண்டு முதல் 1952ஆம் ஆண்டு வரை அண்டத்தின் அளவுகோல் பிழையானது என்பதைக் காட்டிக்கொண்டிருந்தன. அச்சான்று அச்சிலும் இருந்தது. அதனை உரிய முறையில் வாசிப்பதற்கு இருபது ஆண்டுகள் சென்றன.

பொருளைத் தெளிவுபடுத்தும் பொருட்டுச் சில அடிப்படைச் செய்திகளை முதலிற் கூறிவிடுதல் நன்று. விண்மீன்கள் பல தனித்தனியே பிறப்பதில்லை. வாயுமுகில்களினின்று கூட்டமாகவே தோன்றுகின்றன. அவ்வாறு தோன்றி ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைந்துநிற்கும் தொகுதிகளை விண்மீன் கொத்துக்கள் என்கிறோம. நமது பால்வழி மண்டலத்தில் இவை இருவகையின. சில நூறு அல்லது சில ஆயிரம் விண்மீன்களைத் தளர்வாகக் கொண்டவை திறந்த கொத்துக்கள். கார்த்திகை அவற்றுள் யாவரும் அறிந்தது. மற்றையவை கோளக் கொத்துக்கள். பல்லாயிரம் முதல் பல இலட்சம் வரையான விண்மீன்கள் பந்துபோலத் திரண்டிருக்கும் இவை மிகப் பழையன. பால்வழியில் இத்தகைய கோளக் கொத்துக்கள் 150க்கு மேல் அறியப்பட்டுள்ளன. கொத்தொன்றின் விண்மீன்கள் யாவும் நம்மிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் உள்ளன. ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்தன. ஆதலால் வானியலாளருக்குக் கொத்து ஓர் இயற்கையான ஆய்வுகூடமாக அமைகின்றது.

1918ஆம் ஆண்டளவில் ஹாலோ ஷாப்ளி பால்வழியின் கோளக் கொத்துக்கள் வானில் எவ்வாறு பரந்துள்ளன என்பதை ஆராய்ந்தார். அவை வானின் ஒரு பக்கத்திற் குவிந்துள்ளமையைக் கொண்டு, ஞாயிறு பால்வழியின் நடுவில் இல்லை என்ற முடிபை நிறுவினார். கொப்பேர்னிக்கஸ் பூமியை நடுவிலிருந்து அகற்றினார். கோளக் கொத்துக்கள் ஞாயிற்றையும் அகற்றின. ஆயினும் அதே ஷாப்ளி, சுருள் நெபுலாக்கள் யாவும் பால்வழிக்கு உட்பட்ட சிறு பொருள்களே எனக் கருதினார். 1920 ஏப்ரிலில் வாஷிங்ரனில் அவருக்கும் ஹீபர் கேட்டிஸுக்குமிடையே நிகழ்ந்த விவாதம் பிரசித்தமானது. அவ்விவாதத்தைத் தீர்த்துவைத்தது அன்றொமீடா நெபுலா. 1923 ஒக்ரோபரில், மவுண்ட் வில்சனிலுள்ள 100 அங்குலத் தொலைகாட்டியால் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகடுகளில், எட்வின் ஹபிள் அந்நெபுலாவினுள் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டார். அது செபீட் வகையினது. அதன் ஒளி மாறும் காலத்திலிருந்து தூரம் கணிக்கப்பட்டது. பத்தாம் நூற்றாண்டிற் பாரசீக வானியலாளர் அல்-சூபி சிறுமுகில் எனக் குறித்துவைத்த அப்பொருள், பால்வழிக்கு வெளியேயுள்ள பிறிதொரு மண்டலமாயிற்று. இம்முடிபு 1925 ஜனவரி 1ஆந் திகதி வாஷிங்ரனில் நடைபெற்ற கூட்டத்தில் வாசிக்கப்பட்டது.

ஹபிளின் கையிலிருந்த அளவுகோல் ஹபிளினுடையதன்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. செபீட் விண்மீனின் ஒளிமாறு காலத்துக்கும் அதன் உண்மை ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் ஹென்றியெற்றா லெவிற். ஹாவர்ட் அவதான நிலையத்தில் ஒளிப்படத் தகடுகளை அளந்து கணக்கிடும் பணியில் அமர்த்தப்பட்டிருந்த பெண்களில் அவர் ஒருவர். அப்பெண்களைக் 'கணிப்பவர்கள்' என்றே அழைத்தனர். லெவிற் தொடக்கத்தில் ஊதியமின்றி உழைத்தார். பின்னர் மணித்தியாலத்துக்கு 30 சதம் பெற்றார். தொலைகாட்டியை இயக்கி அவதானிக்கும் உரிமை அப்பெண்களுக்கு வழங்கப்படவில்லை. மகலன் முகில்கள் எனப்படும் இரு அயல் மண்டலங்களின் தகடுகளில் 1777 மாறொளி விண்மீன்களை இனங்கண்டு லெவிற் 1908இல் வெளியிட்டார். 1912இல் சிறிய முகிலின் 25 விண்மீன்களைக் கொண்டு அத்தொடர்பை நிறுவினார். அவ்வறிக்கை நிலையத் தலைவர் எட்வேட் பிக்கறிங்கின் கையொப்பத்துடன் வெளிவந்தது. ஆக்கியவர் லெவிற் என்பது அதன் முதல் வசனத்திற் குறிப்பிடப்பட்டிருந்தது. அவ்வளவே. 1921 டிசம்பரில் லெவிற் இறந்தார். அவரது பெயரை நோபெல் பரிசுக்கு முன்மொழியும் எண்ணத்துடன் 1925இல் சுவீடனிலிருந்து கடிதம் வந்தபோது அவர் இறந்து மூன்றாண்டுகள் கழிந்திருந்தன.

அத்தகடுகள் எங்கிருந்து வந்தன என்பதும் நோக்கற்பாலது. மகலன் முகில்கள் வடபுலத்து அவதான நிலையங்களின் அடிவானத்துக்கு மேலே எழுவதேயில்லை. இலங்கையிலிருந்து நோக்குவோர்க்குப் பெரிய முகில் தென்னடிவானத்தை ஒட்டி, உச்ச நிலையிலும் ஏறத்தாழ 14 பாகை உயரத்திலேயே தென்படும். அன்றொமீடாவோ நமக்கு வடவானில் நன்கு உயர்ந்து தோன்றும். இரண்டையுங் காணக்கூடிய அகலக்கோடுகளில் வாழ்வோர் நாம். ஆனால் அவ்வகலக்கோடுகளிற் பெருந்தொலைகாட்டி எதுவும் அக்காலத்தில் நிறுவப்படவில்லை. ஹாவர்ட் நிலையம் பெரு நாட்டின் அரெக்கிப்பாவிற் கிளை நிலையம் ஒன்றை அமைத்திருந்தது. 1927இல் அது தென்னாபிரிக்காவின் புளும்பொன்ரெயினுக்கு மாற்றப்பட்டது. தென்புலத்து மலைகளில் எடுக்கப்பட்ட தகடுகள் கப்பலேறி வடக்கே சென்றன. அளவீடும் விளக்கமும் புகழும் அங்கே நிகழ்ந்தன. மூலப்பொருளை ஏற்றுமதி செய்து முடிவுப்பொருளை இறக்குமதி செய்யும் குடியேற்றநாட்டுப் பொருளாதாரத்தை அறிந்த வாசகருக்கு இவ்வமைப்புப் புதியதன்று.

இனி நமது பொருளுக்கு வருவோம். அன்றொமீடா நம்மதையொத்த மண்டலமாயின், அங்கும் கோளக் கொத்துக்கள் இருத்தல் வேண்டும். ஹபிள் அவற்றைத் தேடினார். நம் கொத்துக்களிற் பலவற்றைச் சிறு தொலைகாட்டியாலேயே விண்மீன் திரளாகப் பிரித்துக் காணலாம். அன்றொமீடாவின் தூரத்திலோ ஒரு முழுக் கொத்தும் தகட்டில் ஒரு புள்ளியளவிற் சுருங்கிவிடுகின்றது. விண்மீனின் படிமம் கூரியது. கொத்தின் படிமம் சற்றே பரவிய விளிம்புடையது. வேறுபாடு அவ்வளவுதான். அவ்விளிம்பைக் கொண்டு, முன்னே நிற்கும் நம் மண்டலத்து விண்மீன்களையும் பின்னே தொலைவிலுள்ள பிற மண்டலங்களையும் நீக்கி, 140 பொருள்களை அவர் தேர்ந்தெடுத்தார். 1932இல் வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே அவை 'தற்காலிகமாக' கோளக் கொத்துக்கள் என இனங்காணப்பட்டவை என்று அவர் குறித்தார். உருவும் நிறமும் அன்றொமீடாவைச் சூழ்ந்து அவை செறிந்திருந்தமையும் அவ்வினங்காணலுக்கு ஆதாரமாயின. பின்வந்தோரின் ஆய்வு பெரும்பான்மையானவற்றை உறுதிசெய்தது.

ஆனால் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அன்றொமீடாவின் தூரம் ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு என்று அக்காலத்திற் கொள்ளப்பட்டது. அத்தூரத்தை வைத்துக் கணித்தால், அன்றொமீடாவின் கோளக் கொத்துக்கள் நம் மண்டலத்தவற்றினும் ஏறத்தாழ ஒன்றரை ஒளித்தரம் மங்கியவையாக வந்தன. சாதாரண எண்ணிற் சொன்னால் அவை நம் கொத்துக்களின் ஒளிர்வில் நாலிலொரு பங்கே உடையனவாய்த் தோன்றின. உருவமும் நிறமும் ஒத்திருக்க ஒளிர்வு மட்டும் வேறுபடுவானேன்? ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைகின்றது என்பது பாடசாலை மாணவரும் அறிந்தது. கொத்துக்கள் நாலு மடங்கு மங்கலாய்த் தோன்றுவதற்கு அவை நாம் எண்ணியதிலும் இரு மடங்கு தொலைவில் இருப்பதே போதிய காரணமாகும். அங்ஙனம் வாசித்திருந்தால், அன்றொமீடாவின் தூரமும் அதனை அடியாகக் கொண்ட ஏனைய மண்டலங்களின் தூரங்களும் 1932இலேயே இரட்டித்திருக்கும்.

அவ்வாறு வாசிக்கப்படவில்லை. ஏன்? ஒரு மண்டலத்தின் கொத்துக்கள் மற்றொன்றினதைப் போலவே இருத்தல் வேண்டும் என்பதற்கு அன்று நிரூபணம் எதுவுமில்லை. செபீட் அளவுகோலோ பல வழிகளில் உறுதிப்பட்டதாகத் தோன்றியது. உறுதியான கருவி ஒன்றும் ஐயத்துக்குரிய கருவி ஒன்றும் முரண்படும்போது, ஆய்வாளர் பின்னையதையே ஐயுறுவர். இதனைக் குறைகூற முடியாது. எனினும் அம்முரண்பாடு தனித்து நிற்கவில்லை என்பதை நாம் நோக்குதல் வேண்டும். அதே அளவுகோலின்படி நம் பால்வழியே அறியப்பட்ட மண்டலங்கள் யாவற்றிலும் மிகப் பெரியதாய் நின்றது. பூமியும் ஞாயிறும் நடுவிடத்தை இழந்த பின்னர், 'மிகப் பெரியது' என்ற சிறப்பு மட்டும் நமக்கு எஞ்சியிருந்தது. இது ஐயத்துக்குரியது என எடிங்ரன் 1930களில் எடுத்துக்காட்டியுமிருந்தார். மூன்றாவது முரண்பாடு இன்னுங் கூர்மையானது. மண்டலங்கள் விலகிச்செல்லும் வேகத்திலிருந்து அண்டத்தின் விரிவுக்காலம் ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. பூமியின் பாறைகளை ஆராய்ந்தவர்களோ 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதை வந்தடைந்திருந்தனர். பிள்ளை தாயினும் மூத்ததாயிற்று! மூன்று முரண்பாடுகளும் ஒரே திசையைச் சுட்டின. ஆனால் ஒன்றைக் கையாண்டவர் மற்றையவற்றைத் தமது துறைக்குப் புறம்பானவை எனக் கருதினர். புவிச்சரிதவியலாளரின் பாறைக்கும் வானியலாளரின் தகட்டுக்கும் இடையே தொடர்பு காணப்படவில்லை. துறைகளாகப் பிரிந்துநின்ற அறிவுழைப்பின் விளைவுகளுள் இதுவும் ஒன்று எனக் கொள்வதே பொருத்தமாகும்.

மற்றொரு காரணமும் உண்டு. அன்றொமீடாவின் கொத்துக்களை ஆராயத்தக்க தொலைகாட்டி உலகில் ஒன்றே இருந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் வணிகர் ஜோன் ஹூக்கரின் பணமும் உருக்குத் தொழிலதிபர் கார்னெகியின் பெயரால் அமைந்த நிறுவனத்தின் பணமும் அதனை உருவாக்கின. அத்தொலைகாட்டியைப் பயன்படுத்துவோர் ஒரு சிறு குழுவினர். அக்குழுவின் முடிபை வேறொரு கருவிகொண்டு சோதிக்க வேறெவராலும் இயலவில்லை. சோதனைக்குட்படாத முடிபு, எத்துணைச் சிறந்த அறிஞருடையதாயினும், காலப்போக்கில் மரபாகிவிடுகின்றது.

இந்நிலையை மாற்றியது யுத்தம். 1931இல் ஹம்பேர்க்கிலிருந்து மவுண்ட் வில்சனுக்கு வந்த வால்ற்றர் பாடே, ஐக்கிய அமெரிக்கா போரிற் புகுந்தபின்பு 'பகைநாட்டு அந்நியர்' ஆனார். தொடக்கத்தில் அவருக்கு இரவு நடமாட்டக் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது. இரவில் வெளிச்செல்ல இயலாத வானியலாளரின் நிலை எத்தகையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பின்னர் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதே கலிபோர்னியாவில் அதே 1942இல், ஜப்பானிய வம்சாவளியினர் குடும்பங்களோடு பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர்; மேற்குக் கரையிலிருந்து அவ்வாறு அகற்றப்பட்டோர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவர்; அவர்களிற் பெரும்பான்மையோர் அந்நாட்டின் பிரசைகள். ஜேர்மனியரான பாடேக்குத் தொலைகாட்டி கிடைத்தமையும் அவர்களுக்கு முட்கம்பி கிடைத்தமையும் ஒரே அரசின் செயல்கள். இதனையும் பதிவுசெய்தல் வரலாற்றாசிரியரின் கடமை.

ஹபிள் உட்படச் சக ஆய்வாளர் பலர் யுத்தப் பணிகளுக்குச் சென்றுவிட்டனர். பாடேயைப் படைத்துறை ஆய்வுகளிற் சேர்க்க முடியாது. ஆகவே 100 அங்குலத் தொலைகாட்டியின் நேரத்திற் பெரும்பகுதி அவருக்குக் கிடைத்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் விளக்குகளும் விமானத் தாக்குதல் அச்சத்தினால் மங்கவைக்கப்பட்டிருந்தன. வானம் பல ஆண்டுகளாக இல்லாத அளவு இருண்டிருந்தது. 1943இன் ஓகஸ்ற், செப்ரெம்பர் மாதங்களிற் செந்நிற ஒளிக்கு உணர்வுள்ள தகடுகளைப் பயன்படுத்தி, அதுவரை வெறும் ஒளிப்படலமாகவே தோன்றிய அன்றொமீடாவின் நடுப்பகுதியையும் அதன் இரு துணை மண்டலங்களையும் தனித்தனி விண்மீன்களாகப் பாடே பிரித்துக் காட்டினார்.

அவ்விண்மீன்கள் எவ்வகையின? சுருள் கைகளிலுள்ள நீல ஒளிமிக்க விண்மீன்களை அவை ஒத்திருக்கவில்லை. நம் மண்டலத்துக் கோளக் கொத்துக்களிலுள்ள செம்பூத விண்மீன்களையே ஒத்திருந்தன. இதனைக் கொண்டு 1944இற் பாடே விண்மீன்களை இரு குடிகளாக வகுத்தார். சுருள் கைகளில் வாயுவோடும் தூசியோடும் வாழும் இளைய குடி ஒன்று. கோளக் கொத்துக்களிலும் மண்டலங்களின் நடுவிலும் காணப்படும் முதிய குடி மற்றொன்று. இவ்வகுப்பின் முக்கியத்துவத்தை மிகைப்படுத்திக் கூறுதல் அரிது. விண்மீன்கள் என்றும் ஒரேவிதமானவை என்ற எண்ணம் தளர்ந்து, அவற்றுக்குத் தலைமுறைகள் உண்டு, எனவே வரலாறு உண்டு என்ற கருத்து வானியலில் வேரூன்றியது. கோளக் கொத்து இங்கு உரைகல்லாக அமைந்தது.

அளவுகோலின் பிழை எங்கே ஒளிந்திருந்தது என்பதும் இதனாலேயே புலப்படலாயிற்று. செபீட் விண்மீன்களும் இருகுடியின. லெவிற் கண்டவை இளைய குடியைச் சேர்ந்தவை. ஷாப்ளி தமது அளவுகோலை அமைத்தபோது கோளக் கொத்துக்களிலுள்ள முதிய குடி மாறொளி விண்மீன்களையும் அவற்றோடு ஒரே வளைகோட்டில் இணைத்துவிட்டார். இளைய குடிச் செபீட்கள் உண்மையில் ஏறத்தாழ ஒன்றரை ஒளித்தரம் மிகுதியாக ஒளிர்பவை. விண்மீன்களிடையே தூசி ஒளியை மறைக்கின்றது என்பதை 1930இற் றிறம்ப்ளர் திறந்த கொத்துக்களைக் கொண்டு நிறுவுமுன் அவ்வளவுகோல் ஆக்கப்பட்டிருந்தமையும் பிழையை மறைக்க உதவியது.

1948இற் பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைகாட்டி திறந்துவைக்கப்பட்டது. பாடே அன்றொமீடாவில் ஆர்.ஆர். லைரே எனப்படும், கோளக் கொத்துக்களுக்குரிய குறுங்கால மாறொளி விண்மீன்களைத் தேடினார். பழைய தூரம் சரியாயின் அவை 22.4 என்ற ஒளித்தரத்தளவில் தகட்டிற் பதிந்திருத்தல் வேண்டும். பதியவில்லை. அவ்வெல்லையில் அகப்பட்டவை முதிய குடியின் மிக ஒளிமிக்க செம்பூதங்களே. கோளக் கொத்துக்களில் இச்செம்பூதங்கள் ஆர்.ஆர். லைரே விண்மீன்களினும் ஒன்றரை ஒளித்தரம் மேம்பட்டவை. ஹபிளின் கொத்துக்களிற் கண்ட அதே ஒன்றரை மீண்டும் தோன்றியது. இம்முறை அதனைத் தட்டிக்கழிக்க வழியிருக்கவில்லை.

1952 செப்ரெம்பரில் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் எட்டாவது பொதுக்கூட்டம் உரோம் நகரிற் கூடியது. அக்கூட்டம் 1951இல் லெனின்கிராட்டில் நடைபெற ஏற்பாடாகியிருந்தது. கெடுபிடிப்போரின் நெருக்கடியில் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. முந்திய ஆண்டு நவம்பரிற் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், விரியும் அண்டத்தின் கொள்கை படைப்புக் கோட்பாட்டுக்கு ஆதரவாக உள்ளதென வத்திக்கானில் உரையாற்றியிருந்தார். அவ்வண்டத்தின் வயது பூமியின் வயதிலும் குறைந்ததாகவே அன்று கணக்கிடப்பட்டிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. அறிவியலின் தற்காலிக முடிபொன்றை நிலையான நம்பிக்கையின் தூணாக நாட்டுவோர் எதிர்கொள்ளும் இடர் இதுவே. உரோமிற் பாடே தமது முடிபை அறிவித்தார். ஆய்வுக்குழுவின் நடவடிக்கைகளைப் பதிவுசெய்தவர் பிரெட் ஹொயில். தூரங்கள் இரட்டித்தன, அண்டத்தின் விரிவுக்காலம் 180 கோடி ஆண்டிலிருந்து 360 கோடியாயிற்று. அன்றொமீடாவின் கோளக் கொத்துக்கள் நம் கொத்துக்களோடு ஒளிர்வில் ஒன்றுபட்டன. இருபது ஆண்டு முரண்பாடு தீர்ந்தது.

பாடே பேசிய அதே அமர்வில், பிறிற்றோறியாவின் றட்கிளிவ் அவதான நிலையத்தைச் சேர்ந்த டேவிட் தக்கறே எழுந்து, தாமும் வெஸலிங்கும் பெற்ற பெறுபேறுகளைக் கூறினார். சிறிய மகலன் முகிலிலுள்ள என்.ஜி.சி. 121 என்ற கோளக் கொத்தில் ஆர்.ஆர். லைரே விண்மீன்களை அவர்கள் கண்டிருந்தனர். அவை பழைய அளவுகோல் எதிர்பார்த்ததிலும் மிக மங்கலாயிருந்தன. வடக்கே அன்றொமீடாவும் தெற்கே மகலன் முகிலும், ஒன்றையொன்று அறியாத இரு குழுவினரின் கையில், ஒரே தீர்ப்பை அளித்தன. றட்கிளிவ்வின் 74 அங்குலத் தொலைகாட்டி செயற்படத் தொடங்கியதும் தென்னாபிரிக்காவில் நிறவொதுக்கல் அரசு ஆட்சியேறியதும் 1948ஆம் ஆண்டிலேயே. ஆபிரிக்க மண்ணில் நிகழ்ந்த இவ்வாய்வில் ஆபிரிக்கர் ஆய்வாளராகப் பங்குகொள்ளும் வாய்ப்பு இருக்கவில்லை.

இந்நிகழ்வுகளைப் பாடேயின் மேதைமையால் மட்டும் விளக்குதல் போதாது. யுத்தம் அவருக்கு இருண்ட வானத்தைத் தந்தமையால் எல்லாம் நிகழ்ந்தது என்பதும் எளிமைப்படுத்தலே. அவ்விருண்ட வானத்தின் கீழ் வேறொருவர் வேறெதனையும் செய்திருக்கலாம். பாடேயின் திறமை, எந்தக் கேள்விக்கு எந்தத் தகடு விடையளிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தமையில் உள்ளது. அத்திறமை செயற்படுவதற்கான களத்தை வரலாற்று நிலைமைகள் உருவாக்கின. இவ்விரண்டினுள் ஒன்றை விட்டு மற்றதைப் பேசுவோர் வரலாற்றின் பாதியையே பேசுகின்றனர்.

பாடேயின் இருகுடி வகுப்பும் நெடுநாள் மாறாது நிற்கவில்லை. அதே 1952ஆம் ஆண்டில் கஸ்கொயின், குறோன் ஆகியோர் மகலன் முகில்களின் 15 கோளக் கொத்துக்களின் நிறங்களை ஒளிமின் முறையால் அளந்து வெளியிட்டனர். சில எதிர்பார்த்தவாறு சிவந்திருந்தன, சில நீலமாயிருந்தன. கோள உருவமும் திரட்சியும் முதியவற்றினது, நிறமோ இளையவற்றினது. பெரிய முகிலின் என்.ஜி.சி. 1866 இத்தகைய கொத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நம் மண்டலத்தில் கோளக் கொத்தென்றால் முதுமை என்று கொண்டிருந்த சமன்பாடு அங்கே செல்லுபடியாகவில்லை. பெரிய முகிலின் கொத்துக்கள் பிற்காலத்தில் விரிவாக ஆராயப்பட்டபோது வேறொரு விநோதம் வெளிப்பட்டது. அங்கே மிக முதியவை உண்டு. 300 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை ஏராளம் உண்டு. இடைப்பட்ட நெடுங்காலத்தில் ஏறத்தாழ ஒன்றுமேயில்லை. அவ்விடைவெளியில் நன்கறியப்பட்ட தனிக்கொத்து ஒன்றே. ஒரு நாட்டின் கல்வெட்டுக்களிற் பல நூற்றாண்டு இடைவெளி காணப்படின் வரலாற்றாசிரியர் எவ்வாறு திகைப்பாரோ அவ்வாறே வானியலாளரும் இங்கே திகைக்கின்றனர்.

அன்றொமீடாவின் பட்டியல் படிப்படியாக வளர்ந்தது. 1953இல் மேயலும் எகனும் புதிய கொத்துக்களைச் சேர்த்தனர். அவற்றுள் ஒன்று, இன்று ஜி 1 என வழங்குவது, மண்டல நடுவிலிருந்து ஏறத்தாழ 130,000 ஒளியாண்டு விலகிநிற்கின்றது. அயல் மண்டலங்களின் கோளக் கொத்துக்களில் மிக ஒளிமிக்கவற்றுள் ஒன்று. 1977இற் சார்ஜன்ற் குழுவினரின் பட்டியலில் 355 கொத்துக்கள் இருந்தன. 1980 முதல் இத்தாலியின் பொலோனா ஆய்வாளர் இப்பணியைத் தொடர்ந்தனர். இப்போது அன்றொமீடாவில் 450க்கு மேற்பட்ட கோளக் கொத்துக்கள் உறுதிப்பட்டுள்ளன. நம் மண்டலத்திலுள்ளவற்றின் ஏறத்தாழ மும்மடங்கு. அதன் தூரமும் 25 இலட்சம் ஒளியாண்டாகத் திருத்தமுற்றுள்ளது. மிகப் பெரியது என்ற சிறப்பை நம் பால்வழி இழந்துவிட்டது. ஜி 1இன் நடுவே 20,000 ஞாயிறுகளின் திணிவுள்ள கருந்துளை உண்டென 2002இல் வெளிவந்த முடிபு இன்னும் விவாதத்துக்குரியது.

திறந்த கொத்துக்களை எண்ணும் பணி வேறுவகையில் நடந்தது. 2010 முதல் 2013 வரை, ஹபிளின் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைகாட்டி அன்றொமீடாவின் மூன்றிலொரு பகுதியளவைப் படமெடுத்து, 10 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களைப் பிரித்துக் காட்டியது. அப்படங்களிற் கொத்துக்களை இனங்காணக் கணினி நிரல்கள் போதிய திறன் பெற்றிருக்கவில்லை. மனிதக் கண்ணே வேண்டியிருந்தது. ஆய்வாளர் பொதுமக்களை அழைத்தனர். 2012, 2013ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 தொண்டர்கள் படத்துண்டங்களைப் பார்த்துக் குறியிட்டனர். அவர்கள் அளித்த வகைப்படுத்தல்கள் 18 இலட்சத்துக்கு மேற்பட்டவை. 2753 கொத்துக்கள் கொண்ட பட்டியல் 2015இல் வெளிவந்தது. அவற்றுள் இளையவற்றை ஆராய்ந்து, ஒரு கொத்திற் பாரமான விண்மீன்களும் இலேசான விண்மீன்களும் பிறக்கும் விகிதம் கொத்துக்குக் கொத்து பெரிதும் மாறுவதில்லை என்றும், மிகப் பாரமானவை முன்னர் எண்ணியதிலும் 25 வீதம் குறைவு என்றும் கண்டனர். ஹாவர்ட்டின் கணிப்பவர்கள் 30 சதத்துக்குச் செய்த பணியை இத்தொண்டர்கள் கூலியின்றிச் செய்தனர். மனமுவந்து செய்தமையும் பங்களிப்பு வெளிப்படையாக ஏற்கப்பட்டமையும் முக்கியமான வேறுபாடுகள். ஆயினும் அறிவு உற்பத்தியில் ஊதியமற்ற உழைப்பின் இடம் என்ன என்ற பழைய வினா இதனால் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

கோளக் கொத்துக்கள் அண்மையில் மண்டலத்தின் சொந்த வரலாற்றுக்கே ஆவணங்களாகியுள்ளன. அன்றொமீடாவின் புறவெளியிற் சிதறியுள்ள கொத்துக்களிற் பல, அழிந்த சிறுமண்டலங்களின் எச்சமான விண்மீன் ஓடைகளின்மீது அமைந்துள்ளமை 2010இற் காட்டப்பட்டது. 2019இல் மக்கி குழுவினர் அக்கொத்துக்களின் வேகங்களை ஆராய்ந்து, அவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தான அச்சுக்களிற் சுழலும் இரு கூட்டங்கள் என்றும், அன்றொமீடா வெவ்வேறு காலங்களில் இருமுறை சிறுமண்டலங்களைப் பெருமளவில் விழுங்கியதன் தடயங்கள் அவை என்றும் வாதிட்டனர். மறுவருடம் லார்சன் குழுவினர், பொலோனாப் பட்டியலில் ஈ.எக்ஸ்.ரி. 8 என ஏற்கெனவே இடம்பெற்றிருந்த கொத்தொன்றின் நிறமாலையை எடுத்தனர். அதில் இரும்பின் அளவு ஞாயிற்றிலுள்ளதில் 800இல் ஒரு பங்கே இருந்தது. அத்துணை உலோகக் குறைவுடைய பெருங்கொத்து உருவாகவே முடியாது என்பது அதுவரை நிலவிய கருத்து. அத்தகைய கொத்தொன்று உருவாவதற்கு வேண்டிய வாயுவை எந்த மண்டலம் வைத்திருந்தது, அம்மண்டலம் எப்போது அன்றொமீடாவோடு கலந்தது என்பவை தீர்க்கப்படாத பிரச்சினைகளாக உள்ளன.